நாற்பத்தியிரண்டு அங்குலம்

முதல் நாள், வியாழன் இரவு

காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஏழே முக்காலுக்குத்தான் கார் தெருமுனையைத் தாண்டியது. அதற்குள் சின்னவன் ஒரு முறை இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு வந்தான். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். நம் வீட்டில் இருப்பது கரண்ட் அடுப்பு அம்மா என்றேன். "சரி, அதை அணைச்சியா?" என்றார்.

கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கும் ஃப்ரீமாண்டிலிருந்து, டிஸ்னிலேண்ட் பூங்கா இருக்கும் அனஹைம் ஏறக்குறைய 370 மைல். பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னால் நானும் மனைவியும் ஆறு மணி நேரத்தில் போயிருக்கிறோம். இன்று பத்தரை மணி நேரம் ஆனது. அதில் எத்தனை முறை நிறுத்தினோம் என்பதை எண்ணுவதை நாலாவது நிறுத்தத்தோடு விட்டுவிட்டேன்.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான், மனைவி, ஐந்து வயதுப் பெரியவள், மூன்று வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதம் இருக்கிற சின்னவன், லால்குடியிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கிற அம்மா. இப்போதே போக வேண்டும் என்று நான் அவசரப்பட்டதற்குக் காரணம் அந்த இரண்டு மாதம்தான். டிஸ்னிலேண்டில் மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். மூன்றிலிருந்து ஒன்பது வரை சிறுவர் டிக்கெட். பத்து வயது ஆகிவிட்டால் எனக்கு என்ன விலையோ அதேதான். இதை அம்மாவிடம் விளக்கியபோது, "பஸ்ல உன்னை அரை டிக்கெட்டுன்னு சொல்லிச் சொல்லியே ஒன்பதாவது வரைக்கும் கூட்டிட்டுப் போனேன்" என்று பிள்ளைகள் முன்னால் போட்டு உடைத்தார்.

ஐந்தாம் எண் நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நேராகப் போகும். போய்க்கொண்டே இருக்கும். கோலிங்கா பக்கம் ஆயிரக்கணக்கில் மாடுகளை அடைத்து வைத்திருக்கும் இடத்தைத் தாண்டும்போது ஜன்னலை ஏற்றினாலும் வாடை உள்ளே வந்தது. "ஏம்ப்பா, இதுக்கு நம்ம கொட்டகையே தேவலாம்" என்றார் அம்மா. அதன் பிறகு தெஹோன் கணவாய் ஏறினோம். சாலை 4,000 அடிக்கு மேல் ஏறி, ஏறிய வேகத்திலேயே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இறங்கும். இறங்கும்போது சின்னவன் மதியம் சாப்பிட்ட தயிர்சாதத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தான். பையை எடுக்கச் சொல்லி நான் கத்திய அந்த நொடியில் மனைவி நீட்டியது நாளைக்கு என்று பொடி தடவி வைத்திருந்த இட்லிப் பை. நல்ல வேளை, கடைசி நிமிடத்தில் அம்மாவின் துண்டு குறுக்கே வந்தது.

விடுதியின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். பூங்காவுக்குப் பத்து நிமிட நடை என்று போட்டிருந்தார்கள். நடந்து பார்த்தேன். தள்ளுவண்டியோடு இருபத்திரண்டு நிமிடம். கேட்டிருந்த மடக்குக் கட்டிலும் இல்லை. அம்மா போர்வையை விரித்துத் தரையில் படுத்துவிட்டார். "தரைதான் முதுகுக்கு நல்லது" என்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பெரியவள் தூங்கும் முன் சுவரோரம் நின்று தன்னை அளக்கச் சொன்னாள். இவள் இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டதே மேட்டர்ஹார்ன் என்ற மலைக்காகத்தான். மலைக்குள் ஓடும் ரோலர் கோஸ்டர் அது. யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று மாதமாக அதே பேச்சு. அதில் ஏற 42 அங்குல உயரம் வேண்டும். சுவரில் நிற்க வைத்து, தலை மேல் விடுதியின் மெனு அட்டையை வைத்து அளந்தால் 41 சொச்சம். செருப்பில்லாமல் 41 சொச்சம் என்றால் ஷூவோடு 42 வந்துவிடும் என்று சொல்லித் தூங்க வைத்திருக்கிறேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் நாள், வெள்ளி இரவு

எனக்குக் கால் வலிக்கிறது. அம்மாவுக்கு வலிக்கவில்லையாம்.

வாசலில் பைகளைச் சோதித்தார்கள். சாப்பாட்டுப் பையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம்தான் கூடாது. சோதித்தவர் இட்லி டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, புன்னகையோடு கொடுத்தார். தள்ளுவண்டிக்கும் அளவு உண்டு. அகலம் 31 அங்குலம், நீளம் 52 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஆக, இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது என்பது வாசலிலேயே தெரிந்துவிட்டது.

உள்ளே நுழைந்ததும் மெயின் ஸ்ட்ரீட். கடைத்தெரு மாதிரி இரண்டு பக்கமும் பழைய பாணிக் கட்டடங்கள். கீழ்த்தளம் கிட்டத்தட்ட நிஜ அளவு. மேலே போகப் போக மாடிகளைச் சிறிதாக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதனால் கட்டடம் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். தெருக்கோடியில் தெரியும் கோட்டையிலும் இதே வித்தைதான். கற்கள் மேலே போகப் போகச் சிறுத்துவிடும். நான் இதையெல்லாம் பெரியவளுக்கு ஆர்வமாக விளக்கி முடித்ததும் அவள் கேட்டாள்: "அப்பா, கோட்டை ஏன் இவ்வளவு குட்டியா இருக்கு?"

அது 77 அடிதான். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்துல மூணுல ஒரு பங்கு வருமா?" என்றார். ராஜகோபுரம் 236 அடி. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் கோபுரத்திலும் பதின்மூன்று நிலையும் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டேதானே போகிறது. வித்தை புதிதில்லை.

ஓப்பரா ஹவுஸ் கட்டடத்தின் முன்கூடத்தில் நான் பார்க்க நினைத்த பொருள் ஒன்று இருந்தது. ஒரு பழைய பெஞ்ச். பச்சைப் பூச்சு உரிந்து, பூங்காக்களில் கிடக்குமே, அப்படி. லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பார்க்கிலிருந்து வந்தது. வால்ட் டிஸ்னி விடுமுறை நாட்களில் தன் இரண்டு மகள்களையும் அங்கே குதிரை ராட்டினத்துக்குக் கூட்டிப்போவாராம். அவர்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு இருப்பார். பிள்ளைகள் மட்டும் விளையாட, பெற்றோர் வேடிக்கை பார்ப்பதாக இருக்கிறதே, எல்லோரும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இருந்தால் என்ன என்று அப்போது தோன்றியதிலிருந்துதான் இந்தப் பூங்கா வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த பெஞ்ச் முன்னால் நான் ஒரு நிமிடம் நின்றேன். ஒரு நிமிடம்தான். சின்னவனுக்கு அவசரம்.

சின்னவனுக்கு இப்போதுதான் டயப்பர் விட்டிருக்கிறது. அதனால் டிஸ்னிலேண்டின் கழிப்பறைகளைப் பற்றி இன்று எனக்கு வால்ட் டிஸ்னியைவிட அதிகம் தெரியும். பதினொரு முறை. மெயின் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு பராமரிப்பு நிலையம் இருக்கிறது. பால் கொடுக்க, உடை மாற்ற எல்லாம் தனித்தனி இடம். அங்கே முழங்கால் உயரத்துக்குக் குட்டிக் கழிப்பறைத் தொட்டிகளும் உண்டு. அதில் உட்கார்ந்த பிறகு மற்ற எதிலும் உட்கார மாட்டேன் என்கிறான். மதியத்துக்குள் நாலு முறை அங்கேயே திரும்பி வந்தோம்.

மேட்டர்ஹார்ன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வரிசையின் தொடக்கத்தில் ஒரு அளவுகோல். மனைவி பெரியவளுக்குக் கொண்டையை இன்று கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அங்கே நின்ற இளம்பெண் முட்டி போட்டு உட்கார்ந்து, "நேராக நில், குதிகாலைத் தூக்காதே" என்று அன்பாகச் சொல்லி, கொண்டையை உள்ளங்கையால் மெல்ல அமுக்கினாள். கொண்டை அமுங்கியது. குறுக்குச் சட்டத்துக்கும் தலைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. அவ்வளவுதான்.

அழுதாள். சும்மா இல்லை, தரையில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த மாதம் வளர்ந்துவிடுவாய் என்றேன், அது இன்னும் மோசமாக்கியது. வயதைப் பார்த்து இதை வைக்கவில்லை. இடுப்புப் பட்டையும் இருக்கையும் எந்த உடம்பைப் பிடித்து நிறுத்துமோ அதைப் பார்த்து வைத்த அளவு. அதனால் ஒரு விரல் என்றாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஐந்து வயதுக்கு இதை எந்த மொழியில் சொல்வது? அம்மா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "அப்பாயியும் ஏறலை பாப்பா. எனக்கும் பயமா இருக்கு. நாம ரெண்டு பேரும் ஏறாதவங்க கட்சி" என்றார். கட்சி என்ற சொல் அவளுக்குப் பிடித்துப்போனது.

பெரியவர்கள் முறை வைத்து ஏறிக்கொள்ள ஒரு வழி உண்டு. ஒருவர் குழந்தைகளோடு நின்றால் மற்றவர் போய்விட்டு வரலாம், பிறகு இவர் முழு வரிசையில் திரும்ப நிற்காமல் போகலாம். மனைவி போய்விட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் முறை வந்தபோது பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் போகவில்லை. எனக்கும் கட்சியில் சேர்ந்துவிடலாம் என்று தோன்றியது. (முதுகு என்ற காரணமும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.)

காசு கொடுத்தால் வேறொரு வாசல் வழியாகச் சீக்கிரம் போகலாம் என்ற ஏற்பாடும் இங்கே இருக்கிறது. அதை அம்மாவுக்கு விளக்க நான் வாய் திறப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. "ஓ, சிறப்பு தரிசனம். சமயபுரத்துல மாதிரி." நாங்கள் இரண்டு நாளும் தர்ம தரிசனம்தான் என்று முடிவு.

மத்தியானம் ஒரு மரத்தடியில் இட்லி, எலுமிச்சை சாதம். பக்கத்தில் வாத்துகள், நிஜ வாத்துகள். சின்னவன் அவற்றைத் துரத்தியதில் அரை மணி நேரம் போனது. சாப்பாட்டுக் கவுன்ட்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருகிறார்கள். தெரியாமல் காலையில் ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன். அந்த விலையை நினைத்தால் இன்னும் தாகமாக இருக்கிறது.

வெயில் தாழ்ந்த பிறகு ஸ்மால் வேர்ல்டு. படகில் உட்கார்ந்து, உலக நாடுகளின் உடையில் ஆடிப் பாடும் நூற்றுக்கணக்கான பொம்மைகளுக்கு நடுவே மெல்லப் போக வேண்டும். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் யுனிசெஃபுக்காகச் செய்தது, 1966இல் இங்கே வந்து சேர்ந்தது. மேரி பிளேர் என்ற ஓவியரின் கைவண்ணம். ரோஜா நிறத்தையும் ஆரஞ்சையும் ஒன்றாகப் போட்டும் கண் கூசாமல் செய்திருக்கிறார். படகு உள்ளே நுழைந்ததும் அம்மாவின் வாய் பிளந்தது. "கொலுடா!" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "படி மட்டும்தான் இல்லை."

வெளியே வந்ததும், "இன்னொரு தடவை" என்று கேட்டது பிள்ளைகள் இல்லை. மறுபடியும் வரிசையில் நின்றோம். பாட்டு என் தலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போதும்.

இரவு வாணவேடிக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே இடம் பிடித்து உட்கார்ந்தோம். முதல் வெடிக்கே சின்னவன் என் கழுத்தை இறுக்கிக்கொண்டான். அவனைத் தூக்கிக்கொண்டு சத்தம் கேட்காத இடம் தேடிக் கழிப்பறைக்குள் போனேன். அங்கே யாரோ கை உலர்த்தும் இயந்திரத்தைப் போட்டார்கள். அதற்கு வாணமே மேல்.

மூன்றாம் நாள், சனி

இன்று பூங்கா இல்லை. இரண்டு நாள் டிக்கெட்டை நடுவில் ஒரு நாள் விட்டு எடுத்தது மனைவியின் யோசனை. வீண் செலவு என்று அப்போது முணுமுணுத்தேன், இன்று காலை ஒன்பதரை வரை எல்லோரும் தூங்கியபோது மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

நீச்சல் குளம், துணி துவைத்தல், நூடுல்ஸ். வேறொன்றும் இல்லை.

குளத்தோரம் உட்கார்ந்து பூங்காவின் வரைபடத்தை விரித்து, உயரக் கட்டுப்பாடு இல்லாதவற்றுக்கு எல்லாம் பேனாவால் வட்டம் போட்டேன். நாளைக்கு எங்கள் கட்சி ஏறக்கூடியவை. போட்டு முடித்துப் பார்த்தால் ஒன்று தெரிந்தது. வட்டத்துக்குள் வந்தவை பெரும்பாலும் பழையவை. பூங்காவைச் சுற்றும் ரயில், ஜங்கிள் குரூஸ் படகு, மார்க் ட்வைன் நீராவிக் கப்பல் எல்லாம் பூங்கா திறந்த 1955இலிருந்தே இருப்பவை. ஸ்மால் வேர்ல்டு 1966. கடற்கொள்ளையர் படகான பைரேட்ஸ் 1967. ஆவி வீடான ஹான்டட் மேன்ஷன் 1969. வட்டத்துக்கு வெளியே நிற்பவை: ஸ்பேஸ் மவுன்டன் ரோலர் கோஸ்டர் 1977, 40 அங்குலம். பிக் தண்டர் ரோலர் கோஸ்டர் 1979, 40 அங்குலம். இண்டியானா ஜோன்ஸ் ஜீப் சவாரி 1995, 46 அங்குலம். அந்த பெஞ்சில் உட்கார்ந்த மனிதர் 1966 டிசம்பரில் இறந்தார். அவர் காலத்திலும், அவர் கைபட்டுத் தொடங்கிய வேலைகளிலும் அப்பாயியும் பேரனும் ஒரே இருக்கையில் உட்காரலாம். பிறகு வந்தவற்றில் யாரோ ஒருவர் பெஞ்சுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கு முழுக்கச் சரியில்லை என்று எனக்கே தெரியும். பெரியவளை அழவைத்த மேட்டர்ஹார்ன் 1959இல் வந்தது, அவரே ஆசைப்பட்டுக் கட்டியது. இரும்புக் குழாயைத் தண்டவாளமாக வைத்து ஓடிய முதல் ரோலர் கோஸ்டர். புதிதாக வந்தவற்றிலும் கைக்குழந்தையோடு ஏறக்கூடியவை சில உண்டு. ஆனாலும் என் வட்டங்களைப் பார்த்தால் ஒரு மனிதரின் பிடிவாதம் தெரிகிற மாதிரிதான் இருக்கிறது.

அம்மாவுக்கு பூங்கா திறந்த நாளின் கதையைச் சொன்னேன். 1955 ஜூலை 17. ஆரஞ்சுத் தோப்பாக இருந்த 160 ஏக்கரை வாங்கி, ஒரே வருடத்தில் கட்டி முடித்துவிட்டார்கள். அன்றைக்குக் கொளுத்தும் வெயில். கள்ள டிக்கெட்டில் கூட்டம் புகுந்துவிட்டது. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் செருப்புக் குதிகால் புதைந்தது. குழாய் வேலை செய்பவர்களின் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய், கழிப்பறை இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலைமை. டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார்.

"சரியாத்தான் செஞ்சிருக்கார்" என்றார் அம்மா, சின்னவனின் துணியைப் பிழிந்துகொண்டே. "ரெண்டு பொண்ணு வளர்த்தவர் இல்லையா?"

நான்காம் நாள், ஞாயிறு இரவு

ரயிலில் தொடங்கினோம். முழுச் சுற்று. டிஸ்னிக்கு ரயில் பைத்தியம். தன் வீட்டுக் கொல்லையிலேயே ஆள் உட்கார்ந்து போகும் அளவுக்குக் குட்டி நீராவி ரயில் ஓட்டியவர். கடைசிப் பகுதியில் ஒரு குகைக்குள் நுழைகிறது, இரண்டு பக்கமும் டைனோசர்கள். சின்னவன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து வெளிச்சம் பட்டதும், "அது நம்மளப் பாத்துச்சு" என்றான். நாள் முழுக்க இதை அறிமுகமில்லாதவர்களிடமும் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜங்கிள் குரூஸ் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பேரீச்ச மரம் நிற்கிறது. 1896இல் நட்டது. இந்த நிலத்தை வைத்திருந்த குடும்பம், மரத்தை வெட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் விற்றதாம். அம்மா அதை எட்ட நின்று அண்ணாந்து பார்த்தார். எங்கள் லால்குடி வீட்டை இடித்துக் கட்டியபோது கொல்லையில் இருந்த மாமரம் போனது. அதைப் பற்றி இப்போது நாங்கள் யாரும் பேசுவதில்லை, இன்றும் பேசவில்லை. ஆரஞ்சு மரங்களைக்கூட இங்கே வீணாக்கவில்லை. சிலவற்றைத் தலைகீழாக நட்டு, வேர்கள் முறுக்கிய கிளைகள் மாதிரித் தெரியும்படி காட்டை ஜோடித்திருக்கிறார்கள்.

பைரேட்ஸ் படகு இருட்டில் சட்டென்று ஒரு சறுக்கில் இறங்கும் என்பதை அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். மறந்துதான் போனேன், வேண்டுமென்று இல்லை, மனைவி நம்ப மறுக்கிறார். "முருகா!" என்ற குரல் குகை முழுக்க எதிரொலித்தது. முன் படகில் ஒருவர் திரும்பிப் பார்த்து வணக்கம் வைத்தார். தமிழர்தான். இங்கே எங்கே போனாலும் ஒருவர் இருக்கிறார்.

ஹான்டட் மேன்ஷனில் பெரியவளுக்கு ஆவிகள் எப்படி வந்தன என்று தெரிந்தே ஆக வேண்டும். பெரிய கூடத்தில், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் உருவங்கள் ஆடிக்கொண்டிருந்தன. இரவில் கார் ஜன்னலில் உன் முகமும் தெரியும், வெளியே மரமும் தெரியும் இல்லையா, அதேதான் என்றேன். நமக்கு முன்னால் பெரிய கண்ணாடி ஒன்று நிற்கிறது, பொம்மைகள் நம் பார்வையில் படாத இடத்தில் ஆடுகின்றன, அவற்றின் மேல் விளக்கு விழும்போது அந்தப் பிம்பம் கூடத்தில் மிதக்கிறது. 1862இல் லண்டனில் பெப்பர் என்பவர் மேடையில் காட்டிய வித்தை. "அப்ப ஆவி பொய்யா?" என்றாள். பொய் என்றேன். "அப்பாயிகிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

குதிரை ராட்டினத்தில் எல்லாக் குதிரையும் வெள்ளை. நடுவே உட்காரும் பெஞ்ச் ஒன்றும் இருக்கிறது. புடவையோடு குதிரை ஏற முடியாது என்று அம்மா அந்த பெஞ்சில் உட்கார்ந்து சுற்றினார். இவ்வளவு தூரம் வந்து மறுபடியும் பெஞ்ச்தானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அவர் முகத்தில் அப்படியொன்றும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் எங்களுக்குக் கை காட்டினார்.

அப்புறம் ஆட்டோபியா. குட்டிக் கார்கள். பூங்கா திறந்த அன்றிலிருந்து ஓடுபவை. நடுவில் ஒரு இரும்புத் தடம் இருப்பதால் வழி தவறி எங்கும் போய்விட முடியாது. 32 அங்குலம் இருந்தால் உட்காரலாம், தனியாக ஓட்ட 54 அங்குலம் வேண்டும். சின்னவன் அளவுகோலைத் தாண்டிவிட்டான். பெரியவள் தாண்டிவிட்டாள், ஆனால் 54க்கு வெகு தூரம். துணைக்கு ஒரு பெரியவர் வேண்டும். நான் அவளோடு போவதாகத்தான் ஏற்பாடு.

பெரியவள் என் கையை உதறிவிட்டு, "அப்பாயி வரட்டும்" என்றாள். கட்சி விசுவாசம்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது கண்ணு."

"நான் ஓட்டறேன். நீங்க மிதிச்சா போதும்."

வரிசை முன்னால் நின்ற இளைஞனுக்கு அம்மாவைப் பார்த்துச் சின்னத் தயக்கம். அம்மா நாலடி பதினொரு அங்குலம், அதாவது 59. பெரியவள் அப்பாயியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த அளவுகோலின் கீழே நிறுத்தினாள். கொண்டையை அமுக்கினாள், அன்று தனக்குச் செய்தது போலவே. சட்டம் அம்மாவின் புருவத்துக்கும் கீழே நின்றது. "பாஸ்!" என்று கத்தினாள். இளைஞன் சிரித்துவிட்டான்.

அந்தக் காரில் ஒரே ஒரு மிதிதான். மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். நானும் சின்னவனும் அடுத்த காரில். என் அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்போர்ட்ஸ் ஷூ காலால் மிதித்தார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி மிதித்தார், மறுபடி குலுக்கல். பின்னால் இருந்து, "மெதுவா, ஒரே சீரா!" என்று கத்தினேன். திரும்பிப் பார்க்காமலே, "தெரியும்டா, தையல் மெஷின் மாதிரிதான்" என்றார். முப்பது வருடம் தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்த கால். மூன்றாவது மிதியில் கார் சீராகப் போக ஆரம்பித்தது. நடையைவிடக் கொஞ்சம்தான் வேகம். பெரியவள் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்ற, தடத்தில் இடித்து இடித்து வளைவுக்குள் போனார்கள். வளைவு திரும்பும்போது ஒரு நொடி அம்மாவின் பக்கவாட்டு முகம் தெரிந்தது. வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு தைப்பாரே, அந்த முகம்.

மனைவி வீடியோ எடுத்தார். பார்த்தால் முக்கால்வாசி அவருடைய விரல்தான் தெரிகிறது.

ஐந்தாம் நாள், திங்கள்

திரும்பும் வழி. ஓய்விடத்தில் நிறுத்தி, பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

காலையில் லாஸ் ஏஞ்சலஸைத் தாண்டும்போது நெடுஞ்சாலை கிரிஃபித் பார்க்கின் ஓரமாகவே போனது. அந்தக் குதிரை ராட்டினம் இங்கேதான் எங்கேயோ உள்ளே என்று மனைவியிடம் காட்டினேன். "நிறுத்தணுமா?" என்றார். பின்னால் இரண்டும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தன. தூங்கும் பிள்ளைகளோடு ஓடும் காரை நிறுத்துபவன் முட்டாள். நிறுத்தவில்லை.

அந்த அமைதியில்தான் அம்மா அப்பாவுக்குப் போன் போட்டார். அங்கே இரவு ஒன்பது. அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் ஸ்பீக்கரில். கொலு, டைனோசர், மாட்டு வாடை, ஊர் முழுக்கக் குப்பையே இல்லாதது, காபி கழுநீர் மாதிரி இருந்தது எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், போகிற போக்கில் சொல்வது போல, "நேத்து நான் கார் ஓட்டுனேன்" என்றார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"யாரு?"

"நான்தான்."

"லைசென்ஸ் இருக்கா உனக்கு?"

"அளந்து பாத்துட்டுத்தான் விட்டாங்க" என்றார் அம்மா. "உங்களை விடுவாங்களான்னு தெரியலை, நீங்க இப்ப கூன் போட்டுட்டீங்க."